தொரை வண்டிக்கு நான் போட்ட கம்பளம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் எனக்கு இன்னும் கேவலம். திருவிடந்தைப் பெருமாள் கழுத்திலிருந்து இறங்கி வந்த மாலையை என் காரின் தரைக்கு அடியில் ஒளித்துவைத்தவன் நான். ஒன்றரை வருஷம் அது அங்கே கிடக்க, அதற்கு மேலே வந்தவர் போனவரையெல்லாம் கால் வைத்து உட்காரச் சொல்லி வண்டி ஓட்டியவனும் நான். கடைசியில் அதைப் பழைய கம்பளத்தோடு சேர்த்துச் சுருட்டி, மீன்கூடைக்கு அடியில் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சிரித்த முகத்தோடு கொடுத்தவனும் நான்தான். இத்தனைக்கும் எனக்குச் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். எதையும் கவனித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாலை விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருவிடந்தைக்குப் போவார்கள். இரண்டு மாலை வாங்கிக் கொடுத்தால், சாமிக்குச் சாத்திவிட்டு ஒன்றை நம் கழுத்தில் போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது சுற்று வரவேண்டும். மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய் அந்தப் பழைய மாலையைக் கோயிலிலேயே சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். முப்பத்திரண்டு வயதில் நானும் போய்ச் சுற்றினேன். பெருமாள் தன் பங்கை மூன்றே மாதத்தில் முடித்துவிட்டார். என் பங்குதான் இழுத்தது.

சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் கை காட்டி வண்டியை நிறுத்தினார். அவரிடம் ஒரு செய்தி போனால் மறுநாள் காலைப் பிரார்த்தனைக்குள் ஒன்பதாம் வகுப்புவரை தெரிந்துவிடும். மாலை இருந்த மஞ்சப்பையை எங்கே மறைப்பது? என் வண்டியில் பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கும் இடத்தில் ஜாக்கி, ஸ்பானர் போட்டுவைக்க ஒரு பள்ளம் உண்டு. அதன் மூடி எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், கம்பளமே மூடியாகக் கிடந்தது. கம்பளத்தைத் தூக்கினேன், பையை உள்ளே போட்டேன், கம்பளத்தை விட்டேன். டிரில் மாஸ்டர் ஏறி அதன்மேலேயே பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு, "என்ன வாத்யாரே, கோயிலுக்கா?" என்றார். "இல்லை சார், கடற்கரைக்கு, படம் வரைய" என்றேன். அன்று சொன்ன பொய்க்கு இன்றுவரை நான் ஒரு கடற்கரைப் படம்கூட வரைந்தது கிடையாது.

வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பெரியப்பா விட்டுப்போனது அது. அவர் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊரைவிட்டுப் போகும்போது வாங்கியது. அதனால் எங்கள் தெருவில் அதற்குத் 'தொரை வண்டி' என்று பெயர். துரை போய் முப்பது வருஷம் ஆகப்போகிறது. வண்டிக்கு அந்தத் திமிர் மட்டும் போகவில்லை. மேட்டில் ஏறாது, மழையில் கிளம்பாது. பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வெளியேதான் துடைப்பேன். உள்ளே தரையில் கிடந்த கம்பளம் துரை காலத்தது. மேலே கம்பளம், அடியில் சணல் மெத்தை, அதற்கும் அடியில் தகரம். தகரத்தில் அங்கங்கே ரோடு தெரியும். மழை மேலிருந்து வராது, கீழிருந்து வரும். நனைந்து காய்ந்து நனைந்து அந்தக் கம்பளத்துக்கு ஒரு வாடை வந்திருந்தது பாருங்கள், அதைச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்துவிடுவீர்கள்.

கல்யாணமான புதிதில் என் மனைவி, "ஏங்க, திருவிடந்தை மாலை எங்க கீது?" என்று கேட்டாள். அவள் ஊர் கேளம்பாக்கம். திருவிடந்தைக்குப் பக்கம், இந்த விஷயத்தில் கறார். "பத்திரமா இருக்குது" என்றேன். உண்மைதானே? காரில் தரைக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில். ஆனால் சாமி மாலையைக் கால் வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எடுத்து நல்ல இடத்தில் வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். எடுக்கப் போனால் கம்பளம் கையோடு பிய்ந்து வந்தது. சரி, அடுத்த வாரம். பிறகு அதற்கடுத்த வாரம். இப்படியே அவள் மாசமாகி, வயிற்றுக்கு ஆறு மாதமும் ஆகிவிட்டது.

"அடுத்த வாரம் வளகாப்பு. அன்னிக்கே அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் கொழந்த, தீட்டு, அது இதுன்னு வருஷம் ஓடிடும்" என்றாள் ஒருநாள். "கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி அந்த மாலையக் கொண்டுபோயிச் சேத்துடணும். இல்லன்னா எனக்கு மனசு ஆறாது. வர்ற ஞாயித்துக்கெழம போலாம்."

"போலாமே. நம்ம வண்டியிலயே போலாம்."

"அந்த வண்டியிலயா? கதவத் தொறந்தாலே கொமட்டுது. பஸ்ல போலாம்."

ஒரு புத்தியுள்ள மனிதன் இந்த இடத்தில் "சரி" என்றிருப்பான். நான், "ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுக் கார்ப்பெட் போட்டுடறேன்" என்றேன்.

கடைத்தெருவில் கார் சீட் தைக்கும் குஷன் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் முதலில் போனேன். வண்டிக்குள் தலையை விட்டார், உடனே வெளியே எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டிய வுட்டுட்டுப் போ வாத்யாரே. பத்து நாளு ஆவும்."

"ஞாயித்துக்கெழம வேணும்."

"ஞாயித்துக்கெழம வேணும்னா பாய் வாங்கிப் போட்டுக்கோ."

"நானே போட்டுக்கிறேன்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "வாத்யாரே, இது பேஜாரு புடிச்ச வேல. நீ போர்டுல பூவு, காயி போடு. இதெல்லாம் ஒன்னால ஆவாது."

இதைக் கேட்டபிறகு எந்த டிராயிங் மாஸ்டர் சும்மா இருப்பான்? அளவு எடுப்பதும் வடிவம் வரைவதும் என் தொழில். அவரோ கண்ணளவில் கத்தரி போடுகிற ஆள். அன்று மாலையே மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் ஒரு சிவப்புக் கம்பளம் வாங்கிவந்தேன். ஏதோ சினிமாக் கொட்டகையில் மாடிப்படியில் கிடந்ததாம். அங்கங்கே சிகரெட் சுட்ட தழும்பும், வேர்க்கடலைத் தோலும் இருந்தன. உதறினால் இடைவேளை வாசனை வரும். ரயிலில் அதைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றபோது பக்கத்தில் இருந்தவர், "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார். அதை நல்ல சகுனமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்கலாம்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் பழையதைப் பிய்க்க ஆரம்பித்தேன். முதலில் மாலையை எடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதெல்லாம் சரிதான். ஆனால் முன்பக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். துரை ஆணி அடித்திருந்தார் போலிருக்கிறது, ஒவ்வொன்றும் துரைத்தனமாக உட்கார்ந்திருந்தது. ஒரு ஆணிக்கு ஒரு நகம் என்ற கணக்கில் போயிற்று. இடையில் ஒரு எலிக்குடும்பம் என்னைப் பார்த்துவிட்டு நிதானமாக வெளியேறியது. பின்பக்கத்துக்கு வருவதற்குள் எனக்கு முதுகு இரண்டாகிவிட்டது. ஆத்திரத்தில் மொத்தத்தையும் ஒரே இழுப்பாக இழுத்து வாசலில் எறிந்தேன். பள்ளத்தை எட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. மாலை அதற்குள்தானே இருக்கும், எங்கே போகப்போகிறது, பத்திரமான இடம்.

மறுநாள் காலை, பள்ளிக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, பழைய துண்டுகளைப் புதியதன் மேல் வைத்துச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டேன். சரியாக ஒரு நூல் பிசகாமல் போட்டேன். அப்போது சட்ராஸ் அக்கா கூடையோடு வந்தாள். சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பேச்சுக்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

"இன்னா வாத்யாரே, வூட்ட காலி பண்றியா?"

"இல்லக்கா, வண்டிக்குக் கார்ப்பெட் மாத்துறேன்."

"இந்தக் கோணிய இன்னா பண்ணப் போற?"

"குப்பைதான்."

"நான் எடுத்துக்கினு போவட்டா? கூட ஒயுகுதுன்னு பஸ்ல கண்டக்டரு டெய்லி ஏசறான். அடியில போட்டுக்கினா தண்ணி ஒயுகாது."

"எடுத்துக்கக்கா, மொத்தத்தயும் எடுத்துக்க" என்றேன். அதோடு நின்றேனா? நானே சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, தூக்கி அவள் தலையிலும் வைத்தேன். உபகாரம் செய்கிற சந்தோஷம் எனக்கு.

பிறகு உட்கார்ந்து வெட்டினேன். கத்தரிக்கோலுக்கு எங்கே போவது? மனைவியின் தையல் கத்தரி இருந்தது. அது ரவிக்கைத் துணிக்குப் பிறந்த கத்தரி. சினிமாக் கொட்டகைக் கம்பளத்தைக் கடித்ததும் அதன் வாழ்க்கை முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

வெட்டிய துண்டைக் கொண்டுபோய் டிரைவர் பக்கம் போட்டேன். அந்தக் காலத்து வண்டிகளில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதற்காகக் கம்பளத்தில் மூன்று ஓட்டை போட்டிருந்தேன், அழகாக, காம்பஸ் வைத்து. துண்டு உட்காரவில்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். மூன்று ஓட்டையும் எனக்கு எதிர்ப்பக்கமாகவே போய் நின்றன. அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. புதுக் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் பழையதை நிமிர்த்தி வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். எல்லாத் துண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு நான் கண்ணாடி பிம்பப் பாடம் எடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு பையன் தப்பாகப் போட்டதற்கு அவன் காதைத் திருகியிருந்தேன். அந்தக் காதுக்கு இப்போது யார் பதில் சொல்வது?

சரி பார்க்கப் பழைய துண்டு எங்கே? அது மீன்கூடைக்கு அடியில் பஸ் ஏறிப்போய்விட்டது. மீதிக் கம்பளம் ஒரு சாணுக்குமேல் இல்லை. ஆகவே மூளையை உபயோகித்தேன். இதுதான் இந்தக் கதையில் இரண்டாவது பெரிய தவறு. டிரைவர் துண்டை முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் பக்கம் போட்டேன், அச்சாகப் பொருந்தியது. பக்கத்து ஆள் துண்டை டிரைவர் பக்கம் போட்டு அதில் புதிதாக மூன்று ஓட்டை போட்டேன். ஆக, என் காலடியில் மூன்று ஓட்டை, அதில் மூன்று பெடல். பக்கத்தில் உட்காருகிறவர் காலடியிலும் மூன்று ஓட்டை, அதில் ஒன்றும் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இங்க எதுக்குங்க ஓட்ட?"

"காத்து வர்றதுக்கு."

அவள் ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஒட்டுகிற வேலை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கினேன். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் அதைத் தடவிப் பார்த்தீர்களா? பார்க்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எனக்கு ஸ்டீயரிங் இரண்டாகத் தெரிந்தது. கடையில் இருந்த டியூப் எல்லாம் தீர்ந்தபோது ஒரு முழ அகலம்தான் ஒட்டியிருந்தது. மீதிக்கு மைதா மாவைக் காய்ச்சினேன். பள்ளிக்கூடத்தில் அட்டை ஒட்ட நான் கிண்டுகிற பசைதான். அதில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடவேண்டும் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன். நான் போட மறந்தேன். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் எங்கள் தெரு எறும்புகள் மட்டுமல்ல, பக்கத்துத் தெரு எறும்புகளும் தொரை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. குஷன் கடைக்காரர் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார்.

"இன்னா வாத்யாரே, வண்டிக்கு நாஸ்தாவா?"

சனிக்கிழமை மத்தியானம் செருப்பு ஆணி அடித்து வேலையை முடித்தேன். பின்பக்கம் மட்டும் எழுபது ஆணி. ஒன்றும் அசையாது. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நன்றாகவே இருந்தது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்த மாலைய எடுத்துக் குடுங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சி, தட்டுல எடுத்து வெக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாலை பள்ளத்தில். பள்ளத்தின் மேல் எழுபது ஆணி.

"பத்திரமா இருக்குது. காலைல எடுத்துக்கலாம்" என்று குரல் கொடுத்துவிட்டு, இடுக்கியோடு பின்சீட்டில் மண்டியிட்டேன். அடிக்கும்போது ஒரு மணி நேரம் பிடித்த ஆணியைப் பிடுங்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கம்பளம் ஒரு ஓரத்தில் கிழிந்தது. பசை கையில் நூல் நூலாக வந்தது. எறும்புகள் தங்கள் கருத்தை என் முழங்கையில் தெரிவித்தன. கடைசியில் கம்பளத்தைத் தூக்கிப் பள்ளத்தில் கையை விட்டேன். ஜாக்கி இருந்தது, ஸ்பானர் இருந்தது. பை இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன மழையில் பள்ளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது; பை மிதந்து, ஊறிய சணல் மெத்தையின் அடியில் அப்பிக்கொண்டு அப்படியே காய்ந்திருக்கிறது. புதன்கிழமை நான் ஆத்திரத்தில் இழுத்த ஒரே இழுப்பில் அதுவும் போயிருக்கிறது. அதைத்தான் நான் கயிறு போட்டுக் கட்டி, தலையில் தூக்கி வைத்து அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளியும் சனியும் எங்கள் தெருவில் மீன் வாங்கமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் சட்ராஸ் அக்கா வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், எட்டு மணிக்கு மேல். மனைவியோ வெயிலுக்கு முன்னால் ஆறு மணிக்கே கிளம்பவேண்டும் என்று சொல்லியிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் காதுக்கு எட்டாமல் மனதுக்குள் கொஞ்சம் அழுதேன். பிறகு யோசித்தேன். திருவிடந்தைக்குப் போகிற வழியிலேயே, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்சம் ஒடித்தால் சட்ராஸ் வந்துவிடும். அவள் பஸ் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பிடித்துவிட்டால்?

ஞாயிறு விடியற்காலை. மனைவி பட்டுப்புடவை கட்டி, வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மால?"

"வண்டியில பத்திரமா இருக்குது. கோயில்ல எடுத்துக்கலாம்." அதற்குள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சொன்னதுதான். "போற வழியில சதுரங்கப்பட்டினம் கோட்டையையும் பாத்துட்டுப் போலாமா?"

"எந்தக் கோட்ட?"

"டச்சுக்காரங்க கட்டுனது. விடியற நேரத்துல பாத்தா ரொம்ப விசேஷம்."

"மாசமா கீறவள இடிஞ்ச கோட்டைக்குக் கூட்டிக்கினு போறேன்றீங்களே, ஒங்களுக்கு இன்னா ஆச்சி?"

ஆனாலும் ஏறினாள். ஏறியதும் செருப்பு கம்பளத்தில் ஒட்டிக்கொண்டது. மைதா இன்னும் காயவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை வைத்தாள். வண்டி வேகம் எடுத்ததும் தகரத்து விரிசல் வழியாக ரோட்டுப் புழுதி மூன்று ஓட்டையிலும் மூன்று புகைபோல வந்தது.

"காத்து நல்லா வருதுங்க" என்றாள்.

சட்ராஸில் கோட்டைச் சுவர் தெரிந்ததும், "நீ வண்டியிலயே இரு, கோட்டைக்குள்ள விடுவாங்களான்னு கேட்டுக்கினு வர்றேன்" என்று இறங்கிக் குப்பத்துப் பக்கம் ஓடினேன். ஓடவேண்டிய அவசியமே இல்லை. சட்ராஸ் அக்கா கரையில் மீன் எடுத்துக்கொண்டு, கூடையோடு வீட்டுக்குத் திரும்பி எதிரே வந்துகொண்டிருந்தாள். கூடைக்கு அடியில் என் பெரியப்பாவின் கம்பளம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காரைப் பார்த்துவிட்டாள். எங்களுடையதுபோல் வண்டி ஜில்லாவிலேயே வேறு இல்லை. யாருக்கும் தெரியாமல் எங்கேயும் போகமுடியாது.

"இன்னா வாத்யாரே, குடும்பத்தோட வந்துகிற? தங்கச்சியுமா வந்துகீது?" என்று நேரே காருக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடி, மனைவி பார்க்காமல் கண் ஜாடை காட்டினேன். பேசாதே என்று கண்ணைச் சிமிட்டினேன். ஒருமுறை, இரண்டுமுறை.

"கண்ணுல இன்னா? மண்ணு வுயுந்துச்சா? கசக்காத வாத்யாரே, ஊது." பிறகு மனைவியிடம் திரும்பினாள். "ஒன் வூட்டுக்காரரு கீறாரே தங்கச்சி, நல்ல ஆளு! பெருமாளு மாலையப் போயி காலுக்குக் கீய வெச்சிக்கினு இத்தினி நாளு வண்டி ஓட்டிக்கினு இருந்துகிறாரு!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோட்டையைப் பார்த்தேன்.

"அன்னிக்கு இவரு குடுத்த கோணிய அலசலாம்னு பிரிச்சா, அடியில மஞ்சப்பை ஒட்டிக்கினு கீது" என்று அக்கா தொடர்ந்தாள். "உள்ள நாரு, காஞ்ச பூவு. எங்க கடலோரத்துல இத்த தெரியாதவங்க யாரு? பகீர்னு ஆயிடுச்சி. மீனு கையி வேற. தலைக்கு ஊத்திக்கினு வந்து, வேற புடவ கட்டிக்கினு, அப்பறந்தான் தொட்டேன். சாமி படத்தாண்ட ஆணி அடிச்சி மாட்டிக்கிறேன். இன்னிக்கி கூடையில வெக்காம, தனியா கையில புடிச்சிக்கினு பஸ்ல எடுத்தாரலாம்னு இருந்தேன். இரு, எடுத்தாரேன்."

அவள் வீட்டுக்குப் போய் வருவதற்குள், கார் பக்கத்தில் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் எவ்வளவோ மேல்.

"எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"பின்னாடி. பள்ளத்துல."

அவள் மெதுவாகப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"கல்யாணத்தன்னிக்கு நான் அங்கதான ஒக்காந்துகினு வந்தேன்?"

நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

"அங்கதான காலு வெச்சேன்?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கிறவன்தான் நான். அன்று ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அக்கா மாலையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஈரத் தலை, நெற்றியில் புதுக் குங்குமம். மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அயாத தங்கச்சி. தெரியாம வெச்சது தெய்வக் குத்தம் ஆவாது" என்றாள் அக்கா.

தெரிந்து வைத்தவன் பக்கத்திலேயே நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். "கோணி ஜோரு வாத்யாரே. ரெண்டு நாளா வேற ஊருக்கு எடுத்துக்கினு போனேன், சொட்டு ஒயுகல. கண்டக்டரு ஒண்ணியும் சொல்றதில்ல." பிறகு முன்சீட்டுக் கதவு வழியாகத் தலையை விட்டுப் புதுக் கம்பளத்தைப் பார்த்தாள். மூன்று ஓட்டையையும் பார்த்தாள். "இத்தயும் மாத்தறப்ப சொல்லு" என்றாள்.

மகாபலிபுரம் வருகிறவரை என் மனைவி காலைக் கீழே வைக்கவில்லை. அந்த வயிற்றோடு சீட்டின்மேல் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் மாலையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். நான்கு நாள், ஒரு தையல் கத்தரி, ஒன்பது நகம், ஒரு பானை பசை எல்லாம் செலவழித்து நான் போட்ட கம்பளத்தில் எறும்புகள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. "சவுக்கு நல்லா வளந்திருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் துணியை இழுத்து மாலையை இன்னும் நன்றாக மூடினாள்.

மகாபலிபுரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் ஓடிவந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்ளே குனிந்து அந்த மூன்று ஓட்டையைக் காட்டி, எதற்கு என்று சைகையில் கேட்டான். நான் வானத்தைக் காட்டினேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதைப் படம் பிடித்துக்கொண்டான். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் என் கைவேலை சுவரில் தொங்குகிறது.

கோயிலில் கூட்டம். பாதிப் பேர் கழுத்தில் புது மாலையோடு வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைப்போல் திரும்பி வந்தவர்கள் நிதானமாக நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். அவள்தான் மாலையைச் சுமந்தாள். பழைய மாலைகளைச் சேர்க்கும் இடத்துக்கு வந்ததும், என் பேருக்கு வந்த மாலை என்பதால் என் கையில் கொடுத்தாள். பத்தடிதான் இருக்கும். அந்தப் பத்தடியும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், நான் எங்கேயாவது கீழே போட்டுவிடுவேன் என்பதுபோல. மற்ற மாலைகளுக்கு நடுவே வைத்தேன். நாரும் சருகும்தான். எது யாருடையது என்று அதற்குமேல் சொல்லமுடியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவ்வளவு நேரம்.

வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. சந்நிதியில் கொடுத்த துளசியும் கொஞ்சம் பூவும் குங்குமமும் இலையில் பொட்டலமாகக் கட்டி அவள் கையில் இருந்தது. வண்டியில் ஏறினாள். மறுபடியும் காலை மடித்துக்கொண்டாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கேளம்பாக்கம் போய் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு, நல்ல தூரம். அவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தால் வாடிவிடுமே, சிரமமாக இருக்குமே என்று உண்மையான அக்கறையோடுதான் கையை நீட்டினேன்.

"குடு, நான் பத்திரமா வெக்கிறேன்."

"வண்டிய எடுங்க."